களிம்புக் கத்தியில் ஒட்டிய பசை

என் அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய சேலைகளுக்கு அடியில், களிம்பு குழைக்கிற தட்டைக் கத்தி ஒன்று கிடக்கிறது. மரக் கைபிடி, வளைந்து கொடுக்கிற மெல்லிய உருக்குத் தகடு. தகட்டின் நுனியில் புளியங்கொட்டை அளவில், தேன் நிறத்தில் ஒரு கட்டி ஒட்டியிருக்கிறது. மருமகள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பிடித்து, "மாமி, இதை எறியட்டோ?" என்று கேட்பாள். "எடுத்த இடத்திலை வை" என்பேன். எத்தனை தரம் வீடு வாசலை விட்டு ஓடினோம், எத்தனை நல்ல சாமான்களைத் தவறவிட்டோம். இந்தச் சனியன் மட்டும் என்னோடு வந்து சேர்ந்துவிட்டது. இதைக் கண்டால் அப்போதிக்கரியாரின் நினைவு வரும். அவர் நினைவு வந்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் நான் அக்கராயனில் அரசாங்க மருத்துவிச்சி. ஊருக்கு நான் மிஸி. டாக்டர் இல்லாத அந்த மருந்துச்சாலையில் மருந்து கலப்பதும் கொடுப்பதும் காயம் கட்டுவதும் எல்லாம் அப்போதிக்கரியார்தான். நாற்பது வயதிருக்கும், குடும்பம் யாழ்ப்பாணத்தில். நல்ல மனிதர், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவரோடு ஒரு நாள் வேலை செய்தால் பொறுமைசாலிக்கும் தலையிடி வரும். தேநீருக்குப் போடுகிற சீனியைக்கூடக் கரண்டியில் தட்டிச் சமன் செய்துதான் போடுவார். காய்ச்சலோடு வந்தவன் தானாகச் சுகமாகி எழும்பிப் போகும் வரைக்கும் பித்தளைத் தராசில் மருந்து நிறுத்துக்கொண்டிருப்பார். நான் நேரெதிர். எனக்கு எல்லாம் சடசடவென்று நடக்க வேண்டும்.

சனங்களை ஏசுகிற வேலையை அவர் என்னிடம் விட்டிருந்தார். மூன்று நாளைக்கென்று போத்தலில் கோடு ஒட்டிக் கொடுத்த மருந்தை ஒரே நாளில் குடித்து முடித்துவிட்டு, மறுநாள் வெறும் போத்தலோடு வந்து நிற்பார்கள். கேட்டால், "கெதியாச் சுகம் வரட்டுமெண்டு குடிச்சனான் மிஸி" என்பார்கள். "மருந்தெண்டால் கள்ளோ, கூடக் குடிச்சால் கூட ஏறுறதுக்கு? உங்களுக்கு மூளை கீளை இருக்கோ?" என்று நான் பிடித்து வாங்குவேன். அப்போதிக்கரியார் உள்ளே தராசுக்குப் பின்னால் இருந்து சிரிப்பது கேட்கும்.

மாரி பிறந்து குளம் நிரம்பி வான் பாய்ந்தால், கீழ்வயலுக்கு அங்காலே இருந்த பத்துப் பன்னிரண்டு குடிகளுக்குப் போகிற பாதை வாரக்கணக்கில் தண்ணீருக்குள் போய்விடும். ஓரங்களில் இடுப்பளவு, நடுவில் ஆளைத் தாழ்க்கிற இழுவை. நான் போன முதல் வருஷமே, தலைப்பிள்ளைக்கு நோக்கண்ட ஒருத்தியின் புருஷன் மறுகரையில் நின்று கத்தினான். நான் இந்தக் கரையில் பையோடு நின்றேன். பக்கத்தில் அப்போதிக்கரியார் குடையோடு நின்றார். பின்னேரம் அவன் மறுபடி வந்தான், ஆனால் கத்தவில்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினான். தாய் தப்பிவிட்டாள், பிள்ளை போய்விட்டது.

அடுத்த ஆவணியில் அவள் திரும்பவும் வயிற்றோடு என்னிடம் வந்தாள். கணக்குப் பார்த்தேன். மார்கழி முற்பகுதி, வெள்ளத்துக்கு நடுவில். பதிவுப் புத்தகத்தை மூடிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மிஸி, நான் ஒரு தோணி செய்யப்போறன்."

குந்தியிருக்கிற வாங்கு ஒன்றுகூடச் செய்து அறியாத மனிதர். முல்லைத்தீவிலிருந்து ஒரு தோணியை வண்டியில் ஏற்றி வந்தால் போச்சு என்றேன். கடல் தோணி பாரம், வயல் வரம்பு தாண்டி இழுக்க ஏலாது என்றார். அப்படியென்றால் ஆசாரியைப் பிடித்து ஆணி அடித்துச் செய்வியுங்கோ என்றேன். "ஆணி துருப்பிடிக்கும் மிஸி, பிறகு அந்த ஓட்டையாலைதான் தண்ணி வரும்" என்றார். ஏதோ ஆங்கிலச் சஞ்சிகையில் பார்த்தாராம், பலகையோடு பலகையைப் பசையாலேயே ஒட்டுகிறார்களாம். கொழும்பில் இருந்த மைத்துனருக்கு எழுதி, பற்பசை போன்ற குழாய்களைச் சோடி சோடியாக ரயிலில் எடுப்பித்தார். ஒரு குழாயில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கிற மருந்து. அதற்கு 'இறுக்கி' என்று பெயர் வைத்தார். இரண்டையும் சம அளவில் கலந்தால் கல்லாகிவிடுமாம், தண்ணீரிலும் விடாதாம். பலகை கொடுத்தது மறுகரையில் நின்று கத்தின அந்தப் புருஷன். புது வீட்டுக் கதவுக்கென்று காயவிட்டு வைத்திருந்த வேப்பம்பலகைகள் அத்தனையையும் வண்டியில் கொண்டுவந்து மருந்துச்சாலை விறாந்தையில் இறக்கிவிட்டுப் போனான். அவன் வீட்டு வாசலில் அந்த மாரி முழுக்கச் சாக்குத்தான் தொங்கியது.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி, ஊருக்குக் காக்கா, இந்த வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்க கயிறு போட்டுத் தைக்கிறம், வேறை ஆக்கள் ஆணி அடிக்கினம். நீங்க என்ன ஐயா, பட்டம் ஒட்டுற மாதிரி ஒட்டுறீங்க?" என்றார். அவர் சொன்னதில் என்ன பிழை? எனக்கும் அதே எரிச்சல்தான்.

முதல் ஒட்டுக்கே கூத்து நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு, தராசில் நிறுத்து, மருந்து அரைக்கிற பீங்கான் உரலில் இரண்டு சோடிக் குழாய்களையும் பிதுக்கிக் கலந்து முடித்தார். கலந்து முடித்த பிறகுதான் அந்தப் புருஷன் வெற்றிலை தேங்காயோடு வந்து சேர்ந்தான். "ஐயா, பத்தரை ஆகுது. வெள்ளிக்கிழமை ராகுகாலம். பன்னிரண்டு மட்டும் பொறுத்துச் செய்வமே" என்றான். போன தடவை பிள்ளையைப் பறிகொடுத்தவன் கேட்கிறான், எப்படி மறுப்பது என்று இவரும் உரலை மூடி வைத்துவிட்டு இருந்தார். ஆளுக்கு ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ராகுகாலம் கழியும் வரைக்கும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். பன்னிரண்டுக்குத் திறந்து பார்த்தால் உரல் கொதிக்கிறது, உலக்கை நட்டபடி நிற்கிறது. பசை கல். சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. கடைசியில் உரல்தான் வெடித்தது. திரும்பக் கொழும்புக்குக் கடிதம், திரும்ப ரயில், மூன்று கிழமை வீண். "ராகு குழாய்க்குள்ளையும் இருப்பாரோ?" என்று கேட்டேன். அவர் உடைந்த துண்டைத் தட்டிப் பார்த்து, "ஆனால் நல்லா இறுகியிருக்கு மிஸி, பாத்தீங்களோ" என்று சந்தோஷப்பட்டார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு ஒட்டுத்தான். நெருக்கிப் பிடிக்கக் கருவி இல்லையென்று என்னுடைய பண்டேஜ் சுருள்களால் பலகைகளை வரிந்து கட்டினார். பாரத்துக்கு மருந்துப் போத்தல்களை அடுக்கினார். ஒவ்வொரு மூட்டிலும் நோயாளிக்குக் கட்டுகிற மாதிரி ஒரு துண்டுக் கடதாசி: 'ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது.' காயத்துக்குப் போடப் பண்டேஜ் இல்லாமல் நான் என் பழைய சேலையைக் கிழித்தேன். கார்த்திகை பிறந்தது. மழையும் பிடித்தது. தோணிக்கு இன்னும் பின்பலகை பொருத்தவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் மருந்து எடுக்கக் கிளிநொச்சிக்குப் போனார். போன இடத்தில் மழையால் பஸ் இல்லாமல் இரண்டு நாள் மாட்டிக்கொண்டார். கீழ்வயல் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அவளுக்கோ வயிறு இறங்கிவிட்டதென்று ஆள் வந்து சொன்னது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பசை பூசப் பெரிய படிப்பு வேணுமோ என்று, கண்ணாடித் தட்டில் பிசினைப் பிதுக்கினேன். தராசை எடுத்து நிறுக்க எனக்குப் பொறுமையில்லை. இறுக வைப்பது இறுக்கிதானே, கெதியாக இறுகட்டும் என்று அதை இரண்டு மடங்கு பிதுக்கினேன். களிம்புக் கத்தியால் குழைத்துப் பூசி, பலகையை வைத்துச் சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினேன். மறுநாள் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. இவ்வளவுதானே, இதற்கா அந்த மனுசன் மாதக்கணக்கில் என் உயிரை எடுத்தார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நனைந்துகொண்டு வந்தவர் நேராகத் தோணியடிக்குத்தான் போனார்.

"பின்பலகை ஆர் ஒட்டினது?"

"நான்தான்."

"நிறுத்தோ போட்டீங்கள் மிஸி?"

"ஓம், நிறுத்துத்தான்."

அவர் தலையாட்டினார். கத்தியைத் துடைக்காமல் வைத்துவிட்டேன் என்று மட்டும் முறைப்பட்டார். ஒரு மருத்துவிச்சி அளவு விஷயத்தில் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

அடுத்த நாள் காலையில் மறுகரையில் சத்தம் கேட்டது. தோணியை இறக்கினோம். முன்னுக்கு நான், மடியில் பை. பின்னுக்கு அவர், கையில் துடுப்பு. தோணி நன்றாகத்தான் போனது. நடு இழுவைக்கு வந்தபோது பின்னால் உரித்தெடுக்கிற மாதிரி ஒரு சத்தம். பின்பலகை ஒரு பக்கம் கழன்று தண்ணீர் பாய்ந்து வந்தது. அவர் துடுப்பை என் பக்கம் எறிந்துவிட்டு, பலகைக்கு முதுகைக் கொடுத்து, கால்களைத் தோணியின் இரண்டு பக்கமும் உதைந்துகொண்டு இருந்தார். இடுப்பு வரைக்கும் தண்ணீர். "மிஸி, நீங்கள் வலியுங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ" என்றார். நான் வலித்தேன். அந்தப் புருஷன் கயிற்றோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வந்து தோணியைப் பிடித்தான். என் பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. மத்தியானத்துக்கு முன்னம் பெண்பிள்ளை பிறந்தது, பிறந்தவுடனேயே வீரிட்டது. அப்போதிக்கரியார் கதவில்லாத அந்த வீட்டு வாசலில், சாக்குக்கு வெளியே, நடுங்கிக்கொண்டு நின்றார்.

அதோடு அவருக்கு 'ஒட்டுத்தோணி ஐயா' என்று பெயர் விழுந்தது. அக்கராயனில் மட்டுமல்ல, ஸ்கந்தபுரம் வரைக்கும் சொல்லிச் சிரித்தார்கள். கருவாட்டுக் காக்கா ஒவ்வொரு முறையும் மணியடித்து, "ஐயா, அடுத்த பட்டம் எப்ப?" என்று கேட்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார். வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். பின்பலகை மட்டும் ஏன் கழன்றது, மற்ற ஒட்டு ஒன்றும் ஏன் அசையவில்லை என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்தில் அவருக்கு மாற்றம் வந்தது. போகிற அன்று மருந்துக் கடதாசியில் சுற்றி நூலால் கட்டிய ஒன்றை என் மேசையில் வைத்தார். "இது இனிக் களிம்புக்கு உதவாது மிஸி. நீங்கள் வைச்சிருங்கோ" என்றார். பிரித்தால் பசை ஒட்டிய அந்தக் கத்தி. போகிற போக்கில் உதவாத சாமானை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாரே என்று ட்ரங்குப் பெட்டிக்குள் எறிந்தேன். வருஷங்கள் கழித்துப் பெட்டியை அடுக்கும்போதுதான் அந்தக் கட்டியில் தற்செயலாக நகம் பட்டது. பதிந்தது. அவர் குழைத்தது உரலை வெடிக்க வைத்த கல். இறுக்கியைக் கூட்டி நான் குழைத்தது இத்தனை காலத்துக்குப் பிறகும் ரப்பர். என் நகம் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பழைய நகக்குறி இருந்தது. அவர் அப்போதே நகத்தால் அழுத்திப் பார்த்திருக்கிறார். எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இரண்டு வருஷம் ஊரோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். ஒரு நாள் கூப்பிட்டு வைத்து, "ஏனடி பொய் சொன்னாய்?" என்று ஏசியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். அதையும் செய்யாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். இதைவிட எரிச்சல் தருகிற மனிதர் உண்டோ?

போன மாதம் அந்தப் பெண்பிள்ளை வந்திருந்தாள். அவளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள். பேரனிடம் என்னைக் காட்டி, "இவாதான் என்னைப் பெறுவிச்ச மிஸி. அந்த அப்போதிக்கரியாற்றை ஒட்டு விட்டுப்போய் எல்லாரும் தாழப்பாத்தவை" என்று சொல்லிச் சிரித்தாள். நான் எழும்பிப் போய், சேலைகளுக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.

"நகத்தாலை அழுத்திப் பார்."

அழுத்தினாள். "என்ன மிஸி இது, மெத்தெண்டு கிடக்கு?"

"அண்டைக்கு விட்டது இந்தப் பசைதான் பிள்ளை. இது அவர் குழைச்சதில்லை. நான் குழைச்சது."

அவள் சிரிப்பு நின்றது. பேரன் கத்தியை வாங்கித் தானும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தான். அவர்கள் போன பிறகு கத்தியைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தேன். கட்டியில் இப்போது நாலு நகக்குறிகள் இருக்கின்றன. முதலில் பதிந்தது அவருடையது.