மூன்று கிராமில் நான்கு கிராம் மிச்சம்

பதினோராம் வகுப்புக் காலாண்டுத் தேர்வின் வேதியியல் வினாத்தாளில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. டீச்சர் கையால் எழுதிக் கொடுத்த எட்டு, டைப் அடித்தவர் கண்ணுக்கு மூன்றாகத் தெரிந்திருக்கும். '3 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எத்தனை கிராம் நீர் கிடைக்கும்? எது எவ்வளவு மீதமிருக்கும்?' என்று மங்கலான மையில் அச்சாகியிருந்தது. ஐந்து மதிப்பெண். புதுக்கோட்டையில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளியின் சயின்ஸ் குரூப் முழுவதும் அதைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பாடப்புத்தகக் கணக்கு அது. 36 கிராம் நீர், 4 கிராம் ஹைட்ரஜன் மீதம் என்ற விடை எங்களுக்குத் தூக்கத்திலும் வரும். கட்டுரையை மனப்பாடம் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கணக்கை, அதன் எண்களோடும் விடையோடும் சேர்த்து மனப்பாடம் செய்கிறவர்கள் நாங்கள். கேள்வியில் இருந்த எண்ணை யாரும் படிக்கவில்லை.

என் பெஞ்சுக்காரி மட்டும் படித்தாள். திருவரங்குளம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். படிக்கட்டில் தொங்கி வந்த களைப்போடு பெஞ்சில் விழுந்து, என் தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலேயே எடுத்துக் குடிப்பாள். அவளுக்கு உரு அடிக்க வராது. ஒரு வரையறையைக் கேட்டால் தன் சொந்த வார்த்தையில் எழுதி வைப்பாள். அர்த்தம் சரியாக இருக்கும், புத்தக வரி இல்லை என்று மதிப்பெண் வெட்டப்படும். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் கண்ணில் ஒரு குறும்பு வந்துவிடும். வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்ற நீளமான பெயரைக் கேட்டு நாங்கள் மிரண்டு கிடந்தபோது அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "பந்தியில எலை மொதல்ல தீருதா, சோறு மொதல்ல தீருதான்னு பாக்கணும்டி. எது மொதல்ல தீருதோ அதோட பந்தி முடிஞ்சிச்சு. மிச்சம் எது, எவ்வளவுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் சொன்னபடி பார்த்தால் எல்லாம் எளிதுதான். நான்கு கிராம் ஹைட்ரஜனுக்கு முப்பத்திரண்டு கிராம் ஆக்சிஜன் சரியாகப் போகும், முப்பத்தாறு கிராம் நீர் வரும். புத்தகத்தில் கொடுத்தது எட்டு கிராம் ஹைட்ரஜன், அதனால் நான்கு மிஞ்சியது. வினாத்தாளில் இருந்ததோ மூன்று. இங்கே முதலில் தீர்ந்து போவது ஹைட்ரஜன். இருபத்தேழு கிராம் நீர்தான் வரும், எட்டு கிராம் ஆக்சிஜன் மிஞ்சும். அவள் அப்படியே எழுதினாள். நாங்கள், நானும்தான், 'தரப்பட்ட ஹைட்ரஜன் 3 கிராம்' என்று முதல் வரியில் எழுதி, 'மீதமுள்ள ஹைட்ரஜன் 4 கிராம்' என்று கடைசி வரியில் முடித்தோம். போட்டது மூன்று, மிஞ்சியது நான்கு. எங்கள் எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து விழுந்தது. அவளுடைய கணக்கின் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

அந்தக் கோடு அவளைப் பெயிலாக்கியது. எங்கள் பள்ளியில் காலாண்டில் வேதியியலில் தேறாதவளைச் சயின்ஸ் குரூப்பில் வைத்திருக்க மாட்டார்கள். வேறு குரூப்புக்குப் போக வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டும். வாசலில் கட்டுகிற ஃப்ளெக்ஸில் தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. அந்த ஐந்து மதிப்பெண் கிடைத்தால் அவள் பாஸ். கிடைக்காவிட்டால் பிடித்த ஒரே பாடமும் போய்விடும்.

நான் வகுப்புத் தலைவி. விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனவளை வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அங்கே நடந்தது எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் வேதியியல் மிஸ் நின்றுகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, வகுப்பில் யாரையும் கைநீட்டி அடித்தவர் இல்லை. அன்றைக்கு அவர் கேட்ட கேள்வியை மட்டும் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. "அது எட்டுன்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

"பேப்பர்ல மூணுதான மிஸ் இருக்கு," என்றாள் அவள்.

தலைமையாசிரியை கணக்கு படித்தவர். வினாத்தாளையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணாடியைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் இவள் எழுதியது சரி என்றால் மற்றவர்கள் எழுதியது தப்பு. மற்றவர்களிடமிருந்து ஐந்தைப் பிடுங்கினால் பாதி வகுப்பு விழும். அவர் வழி ஒன்று கண்டுபிடித்தார். கருணை மதிப்பெண் போட்டுப் பாஸ் ஆக்கிவிடலாம், கணக்கின் மேல் விழுந்த கோடு அப்படியே இருக்கட்டும், இதைப் பற்றி வெளியே பேச்சு வேண்டாம் என்றார். கூட வந்திருந்த அவளுடைய ஆத்தா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அவள் தலையை நிமிர்த்தித்தான் பேசினாள். "கருணையெல்லாம் வேணாம் மேடம். எழுதுனது சரின்னு ஒரு டிக் போடுங்க. போட முடியாதுன்னா டி.சி. குடுத்துருங்க, நான் போறேன்."

ஆத்தா அவள் கையைக் கிள்ளினார். குடுக்கிறதை வாங்கிக்கொண்டு வாயேன் என்று கெஞ்சினார். மிஸ் திமிர் என்றார். திமிர்தான். மூன்றை மூன்று என்று சொல்வதற்குத் திமிர் வேண்டியிருந்தால் அந்தத் திமிர் இருக்கட்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். டிக் விழவில்லை. டி.சி. வந்தது.

அதை வாங்கிய அன்று பையை எடுக்க வகுப்புக்கு வந்தாள். மிஸ் அதே கணக்கை, எட்டு போட்டு, கரும்பலகையில் மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். பையைத் தோளில் மாட்டியவள் வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள். மிஸ்ஸைப் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தாள். "மூணு கிராம் போட்டா நாலு கிராம் மிச்சம் வருமாடி?" என்று கேட்டாள். சண்டைக் குரல் இல்லை, உண்மையாகவே எங்களிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் கேட்டாள். நாங்கள் குனிந்து, பலகையில் இருந்த எட்டை நோட்டில் எழுதிக்கொண்டோம். மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, சரி கிளம்பு என்றார்.

இதைச் சொன்னால் எல்லாரும் அடுத்துக் கேட்பது, அவள் இப்போது என்னவாக இருக்கிறாள் என்றுதான். பெரிய விஞ்ஞானி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. ஊர்ப்பக்க அரசுப் பள்ளியில் சயின்ஸ் குரூப்பிலேயே சேர்ந்து முடித்தாள், கல்லூரியில் வேதியியல் படித்தாள், இப்போது கணவனோடு சேர்ந்து பெயிண்ட் கடை நடத்துகிறாள். நிறம் கலந்து கொடுக்கிறாள், நன்றாக இருக்கிறாள், என் பிள்ளைகளை அதட்டுகிறாள். அவள் ஜெயித்தாளா என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. இருபத்தேழு கிராம் என்பது சரியான விடையாக இருப்பதற்கு அவள் கலெக்டர் ஆகியிருக்க வேண்டியதில்லை. அவள் தோற்றிருந்தாலும் அது இருபத்தேழுதான்.

வேதியியல் டீச்சர் ஆனது நான். அன்னவாசல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. உரு அடிக்கும் வழக்கம் இங்கேயும் அப்படியே இருக்கிறது. மெல்லக் கற்போருக்கென்று மெட்டீரியல் வந்திருக்கிறது. அதில் கணக்குகளும் விடையோடு இருக்கின்றன, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். மெல்லக் கற்போர் என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. மெல்லக் கற்றால் என்ன, கற்க விட்டால் போதாதா? நான் மெட்டீரியலை அலமாரியில் வைத்துவிட்டு, எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் எண்ணை மாற்றியே கொடுக்கிறேன். முதல் மாதம் பிள்ளைகள் என்னைச் சபிப்பார்கள். பிறகு அவர்களில் யாராவது ஒருத்தி, எது முதலில் தீரும் என்று தானாகவே கேட்கத் தொடங்குவாள்.

இந்த ஆண்டு காலாண்டுக்கு நான் வேண்டுமென்றேதான் மூன்று கிராம் என்று கேட்டேன். பாதி வகுப்பு முப்பத்தாறு எழுதியது. நான் பூஜ்யம் போட்டேன். பெற்றோர் இருவர் வந்து தலைமையாசிரியரிடம் முறையிட்டுப் போனார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ரிசல்ட்டைப் பற்றியும், மேலே இருந்து வருகிற கேள்விகளைப் பற்றியும், என் பாடத்தில் மட்டும் தேர்ச்சி குறைவதைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னார். விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டிவரும் என்பதையும் சொன்னார்.

"புக்குல உள்ள விடையத்தான எழுதியிருக்காங்க. கொஞ்சம் பாத்துப் போட்டுவிடுங்க டீச்சர். எல்லாம் நம்ம பிள்ளைங்கதானே," என்றார்.

"நம்ம பிள்ளைங்கங்கிறதாலதான் சார் போட மாட்டேன்," என்றேன். "மெமோவக் குடுங்க, வாங்கிக்கிறேன். மூணு கிராம் போட்டா நாலு கிராம் மிச்சம் வராது."