ஓடைப் பள்ளத்தில் விரித்த பருத்திமார்

எங்கள் அம்மாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். உப்பு, புளி, மோர் என்று யார் வந்து நின்றாலும் இல்லையென்று சொல்ல மாட்டாள். பருத்திமாரை மட்டும் கேட்டுவிடக் கூடாது.

கரிசல் காட்டில் விறகுக்கு மரம் ஏது? பஞ்செடுத்து முடிந்ததும் காய்ந்த பருத்திச் செடிகளை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாக வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைப்போம். அதுதான் மார். வருஷம் முழுக்க அடுப்பெரிவது அதை நம்பித்தான். ஐப்பசி அடைமழையில் காய்ந்த மார் இல்லாத வீட்டில் உலை கொதிக்காது. அம்மா தன் அடுக்கின் மேல் பனையோலையைப் போட்டு மூடி, கல் தூக்கி வைத்து, நகைப்பெட்டியைப் போலக் காவல் காப்பாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மை ஒரு கை மார் கேட்டு வந்தால், "எல்லாம் நனைஞ்சு கெடக்கு அக்கா" என்று கூசாமல் புளுகுவாள்.

பெரியம்மை லேசுப்பட்டவளா? "ஏட்டி, அன்னைக்கு ஒன்னயத் தூக்கிவிட்டது எங்க வீட்டு மாரு. மறந்துட்டியா?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

அது அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்துக் கதை. அம்மா பிறந்தது தாமிரபரணிக் கரையில். அங்கே மழை பெய்தால் வயலில் இறங்குவார்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் காட்டை விட்டு ஏறிவிடுவார்கள். இது தெரியாமல், முதல் மழையைக் கண்ட சந்தோஷத்தில் களை பறிக்கலாம் என்று தனியாக ஓடைப் பள்ளத்துக்குப் போய்விட்டாள் புதுப்பெண். முழங்கால் வரைக்கும் கரிசல் பிடித்துக்கொண்டது. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் இறங்குகிறது. அவள் போட்ட கூப்பாட்டில் ஊரே வந்தது. பெரியம்மைதான் ஒரு கட்டு மாரைக் கொண்டுவந்து முன்னால் விரித்துப் போட, அம்மா அதன்மேல் தவழ்ந்து கரையேறினாள். அன்றிலிருந்து அவளுக்கு 'ஆத்தங்கரைக்காரி' என்று பேராகிவிட்டது. அம்மாவும் விடவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகியும், கால் கழுவும்போதெல்லாம், "உங்க ஊரு மண்ணு இருக்கே" என்றுதான் வைவாள். அந்த ஊரிலேயே பிறந்த என்னிடமும் அதே 'உங்க ஊரு'தான்.

அறுபதுகளின் நடுவில், தலைப்பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஐந்து நாளாக மழை விடவில்லை. ஆறாம் நாள் காலையில் எனக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "பிள்ளை தலைகீழா இல்ல. காலு கீழ இருக்கு. எங்கையில நிக்காது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள்.

தார் ரோட்டுக்குப் போனால் விளாத்திகுளத்திலிருந்து வரும் பஸ்ஸைப் பிடிக்கலாம். நடுவில் கிடப்பது ஓடைப் பள்ளம். அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வண்டியப் பூட்டாதீங்க" என்றாள் அம்மா. "பள்ளத்துல சக்கரம் சுத்தாது. மாடும் நிக்கும், மகளும் நிப்பா. கட்டில எடுங்க."

"ஆத்தங்கரைக்காரி, கரிசலப் பத்தி நீ எனக்குச் சொல்லுதியா?"

"சொல்லுதேன். அதுல முங்கி எந்திச்சவ நாந்தான்."

சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய்ப் பனையோலையை இழுத்துத் தள்ளினாள். அப்பா மாட்டைக் கட்டிவிட்டுத் தானும் மாரைத் தூக்கினார்.

என்னைக் கட்டிலில் போட்டு, மேலே சாக்கைப் போர்த்தி, நான்கு பேர் தூக்கினார்கள். பள்ளம் வந்ததும் அம்மா முன்னால் போய்க் குனிந்து குனிந்து மாரை விரித்தாள். தூக்கியவர்கள் அதன்மேல் கால் வைத்து நடந்தார்கள். யாருக்கும் ஒரு சுள்ளி கொடுக்காதவள் வருஷத்து அடுப்பையே சேற்றில் போட்டுக்கொண்டு போனாள். எனக்குச் சாவு பயம். வெட்கப்படாமல் சொல்கிறேன், வயிற்றுப் பிள்ளையைக்கூட மறந்து, "எம்மா, என்னய விட்டுராத" என்றுதான் கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் நிற்காமல் விரித்துக்கொண்டே போனது.

பாதிப் பள்ளத்தில் மார் தீர்ந்துவிட்டது. தூக்கியவர்களின் கால் புதைய ஆரம்பித்தது. அம்மா வெறுங்கையோடு நின்ற அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, ஒதுங்கு. ஒன்னோடது நனைஞ்ச மாரு. எம்மாரப் போடு." தலையில் ஒரு பெருங்கட்டோடு பெரியம்மை. அவளுக்குப் பின்னால் தெருவே மாரைச் சுமந்துகொண்டு வந்தது. வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பும் வந்தது.

பஸ் கிடைத்தது. மகளும் கிடைத்தாள், கால் முந்தி.

அந்தக் காலை வைத்து அம்மா அடித்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்குப் போகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. பேத்திக்கு மூன்று வயதானதும், இடுப்புப் பிடிப்பென்று யார் வந்தாலும் குப்புறப் படுக்க வைத்து மிதிக்கச் சொல்வாள். முதல் ஆளாகப் படுத்தவள் பெரியம்மைதான். "ஏட்டி, ஒம் பேத்தி கையில காசு குடுக்கணுமா?" என்று அவள் கேட்டால், "காலுல குடுங்க" என்பாள் அம்மா. சேற்றிலிருந்து பொறுக்கி உலர்த்திய மாரை எரித்துத்தான் பச்சைப்பிள்ளையில் அவளுக்கு வெந்நீர் வைத்தார்கள். கண்ணைக் கரித்த அந்தப் புகையில் உட்கார்ந்துகொண்டு, அம்மா பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள்.

அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆஸ்பத்திரி வார்டுதான். பிள்ளை பிறந்த அன்று சாயங்காலம், தொடை வரைக்கும் காய்ந்த கரிசலோடு, பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் நடந்த இடமெல்லாம் கறுப்புத் தடம். நர்ஸம்மா தரையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"கழுவக் கழுவப் போகமாட்டேங்குதே! எந்த ஊரு மண்ணும்மா இது?"

அம்மா பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எங்க ஊரு மண்ணு" என்றாள். "அப்படித்தான் ஒட்டும். லேசுல விடாது."