கஸாலா அறுத்த வலை

லிபியாவுக்கு வேலைக்குப் போன கஸாலாவின் புருஷன் திரும்பவே இல்லை. மத்ரூஹ் நகருக்கு மேற்கே, கடலோர மணலில், அவள்தான் கழுதை மேல் தண்ணீர் கொண்டுவந்து அத்தி மரங்களை வளர்த்தாள். கடல் தாண்டி வரும் கீச்சான் குருவிகள் அவளுடைய முள்வேலியில் வெட்டுக்கிளிகளைக் குத்திவைத்துத் தின்னும்.

அன்று காலை தோட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொழுந்தன் மிஃப்தாஹ் மரத்துக்கு மரம் வலை கட்டியிருந்தான். காய்த்த கிளை ஒன்று முறிந்து தொங்கியது. வலையில் கீச்சான்கள் தலைகீழாகத் துடித்தன.

"யாரைக் கேட்டுடா கட்டினே?"

"அண்ணன் நிலத்துக்கு யாரைக் கேக்கணும் அண்ணி? பொரிச்சு உனக்கும் நாலு தர்றேன்."

"உங்க அண்ணன் ஒரு குடம் தண்ணி ஊத்தியிருப்பானா? நீ ஊத்தினியா?"

"குருவிக்குப் போய் இந்தக் கத்து கத்துறியே?"

அவள் கத்தியை எடுத்து வலையைக் கிழிகிழியென்று கிழித்தாள். ஒரு கீச்சான் அவள் விரலை ரத்தம் வரக் கடித்தது.

"உன்னை விடத்தானே வந்தேன், சனியனே!" என்று அதையும் திட்டிவிட்டுத்தான் பறக்கவிட்டாள்.

சாயங்காலம் மாமனார் வந்தார். "வலையை நீதான் தைச்சுக் குடுக்கணும்."

"தைச்சுத் தர்றேன் மாமா. என் மரத்துல கட்டினா மறுபடியும் அறுப்பேன்."

அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கஸாலா தைத்த வலையை மிஃப்தாஹின் வாசலில் வீசிவிட்டு வந்தாள். அவன் அதைத் தூரத்துக் கடற்கரையில் கொண்டுபோய்க் கட்டினான். அவள் கோபம் தணியவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவன் வீட்டுக்கு ஓர் அத்திப்பழம்கூடப் போகவில்லை.