மூன்றாவது தடவை நான் கத்தாமல் நின்றது

எட்டாவதோடு படிப்பை விட்டு, தேனியிலிருந்து கடலோரம் போய், படகொன்றில் சமையல்காரனாக இருந்த காலம் அது. கடற்படையின் பீரங்கிப் பயிற்சிக்கு எங்கள் படகை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தண்ணீரில் ஆமை தெரிந்தால் நாங்கள் சொல்ல வேண்டும். உடனே சுடுவதை நிறுத்துவார்கள்.

பயந்த சுபாவம் எனக்கு. அன்று இரண்டு தடவை "ஆமை!" என்று கத்தினேன். ஒன்று தென்னை மட்டை, இன்னொன்று சாக்கு.

"ஏலே தேனிக்காரா, ரசத்துல மிளகு மிதந்தாலும் உனக்கு ஆமைதான். போயி அடுப்பைப் பாரு" என்றார் படகை ஓட்டிய டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கறுத்த முதுகு தெரிந்து மறைந்தது. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். கடற்படைக் கப்பலில் சங்கு ஊதியது; அடுத்தது வெடிதான். அப்போது மூச்சுவிட ஒரு சின்னத் தலை மேலே வந்தது. கத்திவிட்டேன்.

டிரைவர் வயர்லெஸ்ஸில் சொல்ல, பயிற்சி நின்றது. ஆமை நிதானமாக விலகிப் போனது.

எங்கள் படகில் கூட வந்திருந்த கடற்படை வீரரிடம், "முதல்லயே பார்த்துட்டேன் சார். சிரிப்பாகளேன்னு சொல்லல" என்றேன்.

"மட்டையா இருந்தாலும் கத்துங்க அண்ணே. நாளைக்கும் நீங்களே முன்னால நில்லுங்க" என்றார்.

இன்றும் படுக்குமுன் கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சின்னத் தலை ஞாபகம் வரும். நான்காவது தடவையும் போய்ப் பார்ப்பேன்.