தரையெல்லாம் ஏலக்காய்

சூர்யகலா டீச்சர் ஓர் ஏலக்காயைக்கூடத் தரையில் கிடக்க விடமாட்டார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே குனிந்து எடுத்து, ஊதி, தட்டில் போடுவார். அவர் ஆத்தா என்று கூப்பிடும் அம்மா, சிலமலைக் கிராமத்திலிருந்து ஜீப்பேறி மலைத் தோட்டத்துக்குக் கூலிக்குக் காய் எடுக்கப் போனவர். கையெல்லாம் ஏலக்காய் மணக்க வீடு திரும்புவார். பாயசத்தில் போட வீட்டில் ஒரு காய் இருக்காது. அந்த வீட்டுப் பெண் விவசாயம் படித்து, போடிக்குப் பக்கத்தில் எங்கள் அரசுப் பள்ளிக்குத் தொழிற்கல்வி ஆசிரியையாக வந்தார். நான் அங்கே கணக்கு வாத்தியார். அவர் சத்தம் போட்டுச் சிரித்தால் பக்கத்தில் என் வகுப்பில் ஒரு பயலும் கணக்கைக் கவனிக்க மாட்டான். எனக்கு எரிச்சலாக வரும்.

தொழிற்கல்விக்கு மாநில அரசின் மானியம் கேட்டு அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. ஒருவழியாக ஏலக்காய் உலர்த்தும் இயந்திரம் வந்திறங்கியது. முதல் தடவை சூடு கூடிப்போய்க் காயெல்லாம் வெளுத்துவிட்டது. மாணவிகள் அழுதார்கள். டீச்சரோ அதைப் பொடித்துப் போட்டுப் பள்ளிக்கூடம் முழுக்கப் பாயசம் ஊற்றினார். இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தவன் என்பதால் நான் குறை சொல்ல முடியாது.

ஆனால் மானியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பிள்ளைகள் உலர்த்தும் காய் சந்தைக்குத் தேறும் என்று ஓர் அதிகாரி நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் வேறு பள்ளிக்குப் போய்விடும். தொழிற்கல்விப் பிரிவையும் மூடிவிடுவார்கள்.

சென்னையிலிருந்து அதிகாரி கற்பகம் மேடம் வந்தார். காயின் தரம் பார்க்க, போடி ஏல மையத்தில் நாள் தவறாமல் காய் வாங்கும் வியாபாரி ஜக்கையனை டீச்சர் வரவழைத்திருந்தார். மாணவி முத்துப்பிரியா தட்டை நீட்டினாள். ஜக்கையன் ஒரு கை அள்ளினார், முகர்ந்தார், ஒன்றை உரித்துப் பார்த்தார், மீதியைத் தரையில் வீசினார். அடுத்த தட்டிலும் அப்படியே. எங்களில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. மேடத்தின் முகம் மட்டும் சிவந்துவிட்டது.

"பிள்ளைங்க செஞ்சதை இப்படியா வீசுவீங்க? நல்லா இல்லைன்னா வாயால சொல்லலாமே!"

சொல்லிவிட்டு மேடம் கையெழுத்துப் போடாமலே கோப்பை மூடினார். டீச்சரின் முகம் செத்துப்போனது.

ஜக்கையன் திருதிருவென்று விழித்தார். "அய்யய்யோ, நான் காயப் பாத்தேன்மா! எங்க ஏல மையத்துல வந்து பாருங்க, காயை மிதிக்காம நடக்க முடியாது. கையில அள்ளுனத திரும்பத் தட்டுல போடுற பழக்கமே எங்களுக்குக் கெடையாது."

"அப்ப இந்தக் காய் எப்படி?"

"பச்சை அப்படியே நிக்கிதே! ஏத்தா சூர்யகலா, எம்புட்டு வச்சிருக்க? வேற எவன்கிட்டயும் பேசிறாத. மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன். வெரசா மூட்டை கட்டு."

மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தானும் ஒரு கை அள்ளினார், கண்ணை மூடி முகர்ந்தார், ஜக்கையனைவிட வேகமாக வீசினார். மாணவிகள் கத்திய கத்தலில் கூரை அதிர்ந்தது. "மெஷின் இங்கேயே இருக்கும், பிரிவு நடக்கும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர், தட்டை டீச்சர் பக்கம் நகர்த்தினார். "நீங்களும் வீசுங்க."

டீச்சர் பழக்கத்தில் தரையில் கிடந்ததைப் பொறுக்கக் குனிந்தார். பாதியில் நிமிர்ந்தார். தட்டிலிருந்து கை கொள்ளாமல் அள்ளி, "ஆத்தா, பாத்துக்க!" என்று கூவி வீசினார். கண்ணில் நீர் வழிய வழிய அவர் சிரித்த சிரிப்பு பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கு எரிச்சலே வரவில்லை.