கப்பல் வரட்டும் என்றிருந்தோம்

என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர். சோமாலியா பக்கம் கொள்ளைக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டபோது, நான் கர்நாடக எல்லையோரம், ஓசூரை அடுத்த பாகலூரில் ஒரு கிரீன்ஹவுஸில் ரோஜா தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். எப்போதாவது துப்பாக்கி முனையில் வீட்டுக்குப் பேச விடுவார்கள், செல்போனை அணைத்து வைக்காதீர்கள் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

நான் அணைக்கவில்லை. ஆனால் அப்போது ஓசூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாகலூர்ப் பக்கம் போனாலே போன் கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்ளும். வருகிற அழைப்புக்கும் ரோமிங் காசு போகும். அதனால் தமிழ்நாட்டு டவரைத் தவிர வேறெதையும் பிடிக்காதபடி செட்டிங்கை மாற்றி வைத்திருப்போம். என் போனும் அப்படித்தான் இருந்தது. ரோஜாக்களுக்கு நடுவே டவரே இல்லாமல் நான் நின்ற நேரத்தில் என் கணவர் கூப்பிட்டிருக்கிறார். நான் கிடைக்காமல் என் தம்பிக்கு அடித்து, அவன் ஹலோ சொல்வதற்குள் லைன் போய்விட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றிருந்தது.

அன்றோடு வேலையை விட்டேன். மூக்கண்டப்பள்ளி வீட்டில் ஜன்னலோரம்தான் டவர் நன்றாகக் கிடைக்கும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயே. குளிக்கப் போனாலும் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போவேன். அவரைக் கப்பலில் அடைத்தார்கள். நான் இங்கே அடைந்து கிடந்தேன்.

தம்பி ஷிப்ட் முடிந்து பேப்பரோடு வருவான். "அந்தக் கொள்ளக்காரனுங்களப் புடிச்சாலும் எந்தக் கோர்ட்டுல நிறுத்தறதுன்னு தெரியாம கரையில எறக்கி விட்டுடறாங்களாம்க்கா. நம்ம ஊர்ல அதுக்குன்னு சட்டமே இல்லியாம். சுட்டாத்தான் அடங்குவானுங்க" என்பான்.

சுடட்டும் என்று நானும் சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

ஒருநாள் காலை, நம் கடற்படைக் கப்பல் அங்கே போய்விட்டதாக டிவியில் சொன்னார்கள். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். தம்பி மைசூர்பாகு வாங்க ஓடினான். அப்போதுதான் போன் அடித்தது.

"இந்தா, நல்லா கேளு" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "நேவி கப்பல் எட்டத்துல தெரியுது. எங்களயெல்லாம் மேல கொண்டாந்து வரிசயா நிக்க வெச்சிருக்கானுங்க. அது கிட்ட வந்தா மொதல்ல எங்களத்தான் சுடுவானுங்களாம். வர வேணாம்னு சொல்லு. யார்கிட்டயாச்சும் சொல்லு."

"யார்கிட்டங்க சொல்றது?" என்று கேட்டேன். லைன் கட்டாகியிருந்தது.

தம்பி மைசூர்பாகோடு உள்ளே வந்தான். ஒரு துண்டை என் வாயருகே நீட்டி, "இனி கவலய விடுக்கா, நம்மாளுங்க போயிட்டாங்க" என்றான்.

"அந்தக் கப்பலத் திரும்பிப் போகச் சொல்லணும்டா."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவன் பயந்தது முகத்திலேயே தெரிந்தது.