பெர்சி டீச்சரின் இருபத்தோரு கிலோமீட்டர்

பெர்சி டீச்சரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விடிவதற்கு முன்னால், வண்டியூர் கண்மாய்க் கரையில், சுடிதாருக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் ஓடிவந்தால் என்னைப் போன்ற ஆளுக்கு வேறென்ன வரும்? அதை ஓட்டம் என்று சொல்வதற்கும் பெரிய மனது வேண்டும். கொஞ்சம் எட்டிப்போட்டு நடந்தால் அவரை யாரும் முந்திவிடலாம்.

நான் காசிமாயன். பழங்காநத்தத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பூர்வீகம் செக்கானூரணிப் பக்கம். கட்டுத்தறியிலிருந்து மாடு அவிழ்த்துக்கொண்டால்தான் எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடுவார்கள். நான் தொப்பையைக் குறைக்கப் புறப்பட்டு, இரண்டே வருடத்தில் இருபத்தோரு கிலோமீட்டரை இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் முடித்தேன். அதற்குப் பிறகு கால் தரையில் படவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வாரத்துக்கு நாலு நாள் என் வேர்வை முகம்தான்.

டீச்சருக்கு வீடு கே.கே. நகரில். என் மனைவி நாகஜோதி ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறாள். டீச்சர் அங்கேதான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். அதனால் கேலியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் நடக்க வந்தாராம். ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறார். பஸ் போய்விட்டது, ஓட்டம் பிடித்துப்போய்விட்டது.

எங்கள் ஊர் ஓட்டக்காரர்கள் சங்கம் ஒன்று ஜனவரிதோறும் பந்தயம் நடத்தும். இருபத்தோரு கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் மெடல், பட்டியலில் பெயருக்கு நேராக 'முடித்தார்'. போன வருடம் டீச்சர் அதில் ஓடினார். அவர் ஓடப்போவதைத் தலைமையாசிரியை ஆர்வக்கோளாறில் முந்தின வெள்ளிக்கிழமையே பிரேயரில் அறிவித்துவிட்டார். டீச்சர் ஓடிச் சேர்ந்தது இரண்டு மணி முப்பத்தொன்பது நிமிடத்தில். திங்கட்கிழமை பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "முடிச்சீங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். "முடிச்சேன்" என்றார். அது உண்மைதானே? முழுத் தூரமும் ஓடித்தானே வந்தார்? ஆனால் ஒரு பிள்ளை அப்பாவின் போனில் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. "உங்க பேருக்கு நேரா முடிக்கலைன்னு போட்டிருக்கே டீச்சர்" என்றது. அன்றைக்கு டீச்சர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை என்று நாகஜோதி வந்து சொன்னாள்.

"பிள்ளைங்க முன்னால பொய் சொன்னவளாயிட்டேன் தம்பி" என்றார் டீச்சர் என்னிடம், கண்மாய்க் கரையில் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "வர்ற மே மாசம் ரிட்டயர் ஆயிருவேன். அதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு ரேஸ்தான் இருக்கு. அந்த லிஸ்ட்ல என் பேருக்கு நேரா முடித்தார்னு வரணும். நான் டீச்சரா இருக்கும்போதே பிள்ளைங்க அதைப் பாக்கணும். அம்புட்டுத்தான்."

"நான் பாத்துக்கிறேன் டீச்சர்" என்றேன். வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் ஓடும்.

அவருடைய கோளாறு என்ன என்பது எனக்கு இரண்டு நாளில் பிடிபட்டது. பதினைந்து கிலோமீட்டர் வரை ஒழுங்காக வருவார். அதற்கு மேல் இடுப்பு தளர்ந்து, முதுகு கூனி, கால் இழுபடும். எஞ்சின் நன்றாக இருந்து சேஸிஸ் ஆடினால் வண்டி எப்படி ஓடும்? வயிறும் இடுப்பும் முதுகும் கெட்டிப்பட வேண்டும். அதற்குப் பிளாங்க் போடச் சொன்னேன். முழங்கை இரண்டும் தரையில், கால் விரல்கள் தரையில், நடுவில் உடம்பு பலகைபோல நேராக நிற்க வேண்டும். பார்க்கச் சும்மா இருப்பதுபோலத் தெரியும். அரை நிமிடத்தில் வயிறு நடுங்க ஆரம்பித்துவிடும்.

போனில் நேரம் வைக்கப்போனேன். "அது வேண்டாம் தம்பி, நான் செபம் சொல்லியே எண்ணிக்கிறேன்" என்றார். 'அருள் நிறைந்த மரியே' ஒரு தடவை, இரண்டு தடவை என்று கணக்கு. முதல் நாள் மூன்றாவது மரியேயில் பொத்தென்று விழுந்தார். வாரம் ஒன்று கூட்டினார். பத்து முடிந்தால் அவர்கள் பாஷையில் ஒரு பத்து. அதாவது செபமாலையில் பத்து மணிகளை உருட்டும் கணக்கு.

எனக்குள் இருந்த மெக்கானிக் சும்மா இருப்பானா? உடம்பு நடுங்கும்போது வாய் வேகமாகிவிடும், செபத்தை வேகவேகமாகச் சொல்லிக் கணக்கைக் கூட்டிக்காட்டுகிறார் என்றே நினைத்தேன். நவம்பரில் ஒருநாள், "இன்னைக்கு ரெண்டு பத்து" என்றார். அவருக்குத் தெரியாமல் போனை அமுக்கினேன். முதல் பத்து முடிந்தது. சட்டை நனைந்து வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. ஆனால் வாயிலிருந்து வந்த சொற்கள் கோயிலில் முட்டிபோட்டுச் சொல்வதைப் போல நிதானமாக வந்தன. ஒரு எழுத்தைக்கூட அவர் விழுங்கவில்லை. இரண்டாவது பத்து முடிந்து அவர் தரையில் படுத்தபோது போனில் ஆறு நிமிடம் நாற்பது நொடி. என் சாதனை இரண்டு நிமிடம் பத்து நொடி. அதற்கே ஸ்டேட்டஸ் போட்டவன் நான்.

"கொஞ்சம் சட்டுனு சொல்லி முடிச்சிருக்கலாமே டீச்சர்?"

"அவசரப்பட்டுச் சொன்னா அது செபமா தம்பி?" என்று படுத்தபடியே சிரித்தார். அதற்குப் பிறகு அவருடைய முழுக்கைச் சட்டையைப் பார்த்து நான் சிரித்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஆகவில்லை. காலை ஆறு மணிக்கு எங்கிருந்தாவது மாதா கோயில் மணி கேட்டால் டீச்சர் நின்றுவிடுவார். எவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே கைகூப்பித் தலைகுனிந்து நிற்பார். மூவேளை செபம் என்பார்கள். காலை, நடுப்பகல், மாலை என்று மணி அடிக்கும்போது நின்று சொல்வது. ஒன்றரை நிமிடம் ஆகும். சூடாக ஓடுகிற வண்டியை நடுரோட்டில் அணைத்துப்போட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பூசைக்குப் போய்விட்டு வந்தவரிடம் கெஞ்சினேன். "டீச்சர், நாளைக்கு ஒருநா மட்டும் நிக்காதீங்க. ஓடிக்கிட்டே சொல்லுங்க. மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாக."

"ஓடிக்கிட்டே சொல்றதுக்கு அது என்ன தம்பி, பஸ் ஸ்டாப் பேரா?"

நான் அசரவில்லை. ஏற்கெனவே பாதையை அளந்து வைத்திருந்தேன். கே.கே. நகரில் புறப்பட்டு, மாட்டுத்தாவணி வழியாக ஒத்தக்கடை தாண்டித் திரும்ப வேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு ஒத்தக்கடைப் பக்கம் இருப்போம். போன ஞாயிறே பைக்கில் போய்ச் சுற்றிவந்தேன். ஒரு மணிச் சத்தமும் இல்லை. நிம்மதியாகத் திரும்பினேன். நான் போனது காலை ஒன்பது மணிக்கு. ஒன்பது மணிக்கு எந்தக் கோயிலில் அந்த மணியை அடிப்பார்கள் என்று இந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

என் நேரத்தை விட்டுக்கொடுத்து அவர் கூடவே ஓடுவது என்று முடிவு செய்திருந்தேன். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஐந்து நொடி. அதற்கு மேல் போனால் ஆபத்து. டீச்சர் அந்தக் கணக்கில் கோடு போட்டதுபோல ஓடினார். இருட்டு கலைந்து யானைமலை கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. எட்டரைக் கிலோமீட்டர் தாண்டியிருப்போம். சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்றின் குழாய் ஒலிபெருக்கியில் மணி அடித்தது.

டீச்சர் நின்றார்.

"டீச்சர், வேண்டாம்! வாங்க!" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடியாயிற்று. ஓட்டக்காரர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த மனுஷியின் வாய் மட்டும் நிதானமாக அசைந்தது. முடித்தார், சிலுவை போட்டார், "வாங்க தம்பி" என்று கிளம்பினார்.

அதற்குப் பிறகு அவர் ஓடியதை நான் எப்படிச் சொல்ல? பதினைந்து கடந்தது. முதுகு கூனவில்லை. பதினெட்டு கடந்தது. அப்போதும் கூனவில்லை. இளவட்டங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஐம்பத்தொன்பது வயதில் நெட்டுக்குத்தாக, பார்வையைத் தெருவின் கடைசியில் வைத்து ஓடினார். அவருக்கு முன்னாலேயே ஓடப் பழகிய நான் மூச்சிரைத்து அவருக்கு ஓரடி பின்னால் போனேன். கடைசிக் கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடினார். கண்ணால் பார்த்த எனக்கே நம்ப முடியவில்லை.

முடிவுக் கோட்டில் சிவப்பு எழுத்துக் கடிகாரம் இருந்தது. நாங்கள் அதைத் தாண்டியபோது இரண்டு மணி முப்பது நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.

நான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். சங்கத்துப் பொறுப்பாளர் விருமாண்டி அண்ணனுக்கு டீச்சரின் கதை தெரியும். முகம் வாடி ஒரு மெடலை எடுத்துக்கொண்டு வந்தார். "டீச்சர், மெடலு மிச்சம் கெடக்கு. நீங்க வாங்கிக்கங்க. ஒரு நிமிசம்கூட இல்ல."

"லிஸ்ட்ல என்ன வரும்ண்ணே?"

"அது கம்ப்யூட்டரு போடுறது. மாத்த முடியாது."

"அப்ப இது முடிச்சவங்களுக்கு" என்று டீச்சர் அண்ணனின் கையைப் பிடித்து மெடலை அதற்குள்ளேயே வைத்து மூடினார்.

எனக்குத் தாங்கவில்லை. "அந்த ஒண்ணரை நிமிசம்! அதை மட்டும் விட்டிருந்தா அரை நிமிசத்துக்கு மேல மிச்சம் இருந்திருக்கும் டீச்சர்! ஒரு வருச உழைப்பையும் அங்க கொட்டிட்டு வந்துட்டீங்களே!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்றே புரியாதவர்போலப் பார்த்தார். "அதையும் சேத்துத்தானே தம்பி என் ஓட்டம்? போன வருசமும் நின்னுதான் ஓடினேன். எட்டு நிமிசம் கொறச்சிருக்கோம்ல?" என்றார். பிறகுதான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார். அழுதார். ஆனால் நின்றதற்காக அழவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது.

திங்கட்கிழமை மதியம் நாகஜோதி பள்ளியிலிருந்து போன் செய்தாள். "ஏங்க, ஆறாம் வகுப்புல சத்தமே இல்லையேன்னு எட்டிப் பாத்தேன். டீச்சர் போர்டுல ஐம்பத்திரண்டுன்னு எழுதிப் போட்டிருக்காக. பிள்ளைக கேட்டதுக்கு, முடிக்கல, ஐம்பத்திரண்டு செகண்டு கூடிருச்சுன்னு அவுகளே சொல்லிருக்காக. ஒரு பிள்ளை, அம்புட்டுத்தானா, அது கொஞ்ச நேரந்தானே டீச்சர்னு கேட்டுச்சாம். எம்புட்டு நேரம்னு நீங்களே பாருங்கன்னு சொவத்துக் கடிகாரத்தக் காட்டி, எல்லாரையும் பேசாம உக்கார வச்சிருக்காக. அவுகளும் நின்னுக்கிட்டிருக்காக."

"அழுதாகளா?"

"எங்க! நேராப் பிள்ளைக மொகத்தப் பாத்துக்கிட்டு நின்னாக."

போனை வைத்துவிட்டு, ஒர்க்‌ஷாப் கடிகாரத்தைப் பார்த்தபடி ஐம்பத்திரண்டு நொடி நின்று பார்த்தேன். சின்ன நேரம் இல்லை அது. இருபதாவது நொடிக்குள்ளேயே அந்த மணிச் சத்தத்தை மனதில் நூறு தடவை திட்டிவிட்டேன். நாற்பதாவது நொடியில் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். நாற்பது பிள்ளைகள் பார்த்திருக்க, அந்த நேரம் முழுவதும் டீச்சர் தலை குனியாமல் நின்றிருக்கிறார்.